தொட்டிலருகே உட்கார்ந்திருப்பவரும் ஓவியர்தான்

அன்னையர் தினம் வந்தால் அந்தப் படம் எங்கிருந்தாவது கண்ணில் பட்டுவிடும். கழுத்தில் கறுப்பு ரிப்பன் கட்டிய ஓர் இளம்பெண், கன்னத்தில் கை வைத்தபடி, வெள்ளை வலைத்துணி தொங்கும் தொட்டிலுக்குள் தூங்கும் குழந்தையைப் பார்த்துக்கொண்டிருப்பார். கீழே தாய்மையின் மேன்மை பற்றி நாலு வரி இருக்கும். அனுப்புகிறவர்கள் அன்போடுதான் அனுப்புகிறார்கள், அதில் எனக்குக் குறை ஒன்றுமில்லை. ஆனால் அந்தப் பெண் யார், அவரை வரைந்தவர் யார், இருவருக்கும் நடுவில் என்ன இருந்தது என்று தெரிந்துகொண்ட பிறகு, அந்த நாலு வரி அந்த முகத்துக்குக் கொஞ்சமும் போதாது என்று தோன்ற ஆரம்பித்துவிட்டது. ஏன் என்று எழுதிப் பார்க்கிறேன்.

படத்தின் பெயர் 'தொட்டில்'. வரைந்தவர் பெர்த் மொரிசோ, ஆண்டு 1872. உட்கார்ந்திருப்பவர் அவருடைய அக்கா எட்மா. தொட்டிலில் இருப்பது எட்மாவின் இரண்டாவது மகள் பிளான்ஷ், 1871 டிசம்பரில் பிறந்தவள். கேன்வாஸின் அளவு 56க்கு 46 சென்டிமீட்டர், அவ்வளவுதான். பாரிஸில் ஓர்சே அருங்காட்சியகத்தில் இருக்கிறது. நேரில் பார்த்தபோது முதலில் என்னைத் தாக்கியது இந்தச் சின்ன அளவுதான். புத்தகங்களில் பார்த்துப் பார்த்து மனதுக்குள் அதைச் சுவர் நிறைய வளர்த்து வைத்திருந்தேன். ஆனால் அது கிட்டத்தில் போய் நின்று, கொஞ்சம் குனிந்து பார்க்கவேண்டிய படம்.

அப்படிக் குனிந்து பார்த்தால் முதலில் பிடிபடுவது வெள்ளை. தொட்டிலின் மேலிருந்து சரிந்து இறங்கும் அந்தத் துணி நம் வீட்டுக் கொசுவலையைப் போல மெல்லியது, பின்னால் இருப்பதை மறைத்தும் மறைக்காமலும் விடுவது. ஆனால் உற்றுப் பார்த்தால் சுத்த வெள்ளை என்று சொல்லக்கூடிய இடம் குறைவு. சாம்பல், வெளிர்நீலம், விளிம்பில் இளஞ்சிவப்புச் சாயல் என்று எல்லாம் கலந்து ஓடுகிறது. சில இடங்களில் தூரிகை ஒரே இழுப்பில் போயிருக்கிறது, மடிப்பை விளக்கிக்கொண்டு நிற்கவில்லை. குழந்தையின் முகம் அந்தத் துணிக்குப் பின்னால் ஒரு சில தொடுகைகளில் முடிந்துவிடுகிறது. மூடிய கண்கள், தலைக்குப் பக்கத்தில் மடங்கிக் கிடக்கும் ஒரு குட்டிக் கை, அவ்வளவே. அந்த மடங்கிய கையை, கன்னத்தில் ஊன்றிய எட்மாவின் இடது கையோடு சேர்த்துப் பாருங்கள். தாயின் கை எப்படி மடங்கியிருக்கிறதோ அப்படியே குழந்தையின் கையும் மடங்கியிருக்கிறது. எட்மாவின் பார்வை, அவருடைய முழங்கை, குழந்தையின் கண்கள் எல்லாம் ஒரே சாய்கோட்டில் விழுகின்றன, பின்னால் இருக்கும் திரைச்சீலையும் அதே திசையில் சரிகிறது. இவ்வளவு கணக்கும் இருக்கிறது, ஆனால் பார்க்கிறபோது கணக்கே தெரியாது. யாரோ அறைக்குள் வந்து சத்தம் போடாமல் நின்று பார்த்துவிட்டுப் போனதைப் போலத்தான் இருக்கும்.

எட்மாவின் வலது கை தொட்டிலின் விளிம்பில் இருக்கிறது. விரல்கள் வலைத்துணியின் ஓரத்தைப் பிடித்திருக்கின்றன. துணி நமக்கும் குழந்தைக்கும் நடுவில் இழுத்து விடப்பட்டிருக்கிறது, அதனால் குழந்தையின் முகத்தை நாம் மங்கலாகத்தான் பார்க்க முடியும்.

அப்புறம் அந்த முகம். எட்மா சிரிக்கவில்லை. வாழ்த்து அட்டைக்காரர்கள் இதைக் கவனித்திருக்கிறார்களா என்று நான் யோசித்ததுண்டு. மாதாவும் குழந்தையுமாக ஐரோப்பாவில் ஆயிரக்கணக்கில் வரையப்பட்ட படங்களில் வருகிற கனிவு, பூரிப்பு எதுவும் வெளியே தெரியவில்லை. அதற்காகச் சோகமும் இல்லை. களைப்பா? இருக்கலாம், கைக்குழந்தைக்காரி களைத்திருக்காமல் வேறு எப்படி இருப்பாள்? இமைகள் தாழ்ந்திருக்கின்றன, உதடு மூடியிருக்கிறது, தலையின் பாரம் முழுக்க அந்த ஒரு கையில் இறங்கியிருக்கிறது. எதையோ யோசித்துக்கொண்டிருக்கிறார், ஆனால் நம்மிடம் சொல்லப்போவதில்லை.

மொரிசோ குடும்பத்தில் மூன்று பெண்கள், ஒரு பையன். அப்பா பெரிய அரசாங்க அதிகாரி, மாவட்ட நிர்வாகத்தின் தலைவராக இருந்தவர். வசதியான குடும்பத்துப் பெண்கள் கொஞ்சம் பியானோ, கொஞ்சம் சித்திரம் கற்றுக்கொள்வது அங்கே வழக்கம். அந்த வழக்கப்படிதான் அம்மா மூன்று பேரையும் ஓவிய வகுப்புக்கு அனுப்பினார். மூத்தவர் ஈவ் சீக்கிரம் விட்டுவிட்டார். எட்மாவும் பெர்த்தும் விடவில்லை. எட்மா 1839இல் பிறந்தவர், பெர்த் 1841இல். ஜோசஃப் கிஷார் என்ற ஆசிரியர் இருவரையும் லூவர் அருங்காட்சியகத்துக்குக் கூட்டிப்போய்ப் பழைய மேதைகளின் படங்களைப் பார்த்து வரைய வைத்தார். கொஞ்ச காலத்திலேயே அவருக்குப் பயம் வந்துவிட்டது. இந்தப் பெண்களுக்குப் பொழுதுபோக்கு அளவில் நிறுத்திக்கொள்ளத் தெரியாது, இவர்கள் நிஜமாகவே ஓவியர்களாகிவிடுவார்கள், உங்களைப் போன்ற குடும்பத்தில் அது ஒரு புரட்சி, கிட்டத்தட்ட ஒரு பேரிடர் என்று அம்மாவை எச்சரித்தார். எச்சரிக்கை என்றாலும் அந்தப் பெண்களின் திறமைக்குக் கிடைத்த முதல் சான்றிதழ் அதுதான். அம்மாவும் பயந்துவிடவில்லை.

அரசு ஓவியக் கல்லூரியில் பெண்களுக்கு இடமில்லை. அந்தக் கதவு 1897இல்தான் திறந்தது. ஆகவே வெளியே கற்கவேண்டியிருந்தது. நிலக்காட்சி ஓவியத்தில் அன்றைக்குப் பெரிய பெயரான கொரோவிடம் இருவரும் கற்றார்கள், திறந்தவெளியில் உட்கார்ந்து வரைந்தார்கள். 1864இல் அரசாங்கக் கண்காட்சியான சலோனில் இரண்டு பேருடைய படங்களும் ஒரே சமயத்தில் இடம்பிடித்தன. அதற்குப் பிறகும் இருவரும் அங்கே தொடர்ந்து காட்சிக்கு வைத்தார்கள். வீட்டுத் தோட்டத்தில் அப்பா ஒரு ஓவியக்கூடமே கட்டிக்கொடுத்திருந்தார். ஒரே கூரையின் கீழ், ஒரே வெளிச்சத்தில், அக்காவும் தங்கையும் நாள் முழுக்க வேலை செய்தார்கள். இவர்களில் யார் பெரிய ஓவியராக வருவார் என்று அந்தச் சமயத்தில் பந்தயம் கட்டச் சொல்லியிருந்தால் எட்மாவின் பெயரைச் சொல்லவும் ஆள் இருந்திருக்கும் என்பதே என் எண்ணம். அதற்குக் காரணம் 1865ஆம் ஆண்டு வாக்கில் எட்மா வரைந்த ஒரு படம். அதில் இருப்பது பெர்த். கையில் தூரிகையோடு தன் கேன்வாஸ் முன்னால் நிற்கிறார், பின்னணி இருட்டு, முகத்தில் வெளிச்சம், பார்வை தன் வேலையின் மேல். பார்க்கிற நம்மை அவர் பொருட்படுத்தவே இல்லை. தங்கையை அழகான இளம்பெண்ணாகக் காட்டவேண்டும் என்ற எண்ணம் அந்தப் படத்தில் எங்கேயும் கிடையாது. ஓவியர் ஒருவர் வேலையில் மூழ்கியிருப்பதை, அந்த வேலை என்னவென்று தெரிந்த இன்னொருவர் வரைந்திருக்கிறார்.

1868இல் லூவரில் இந்தச் சகோதரிகளுக்கு ஓவியர் எதுவார் மானே அறிமுகமானார். அந்த ஆண்டே அவர் தன் நண்பர் ஃபான்தான் லத்தூருக்கு எழுதிய கடிதத்தில், மொரிசோ பெண்கள் வசீகரமானவர்கள், ஆண்களாகப் பிறக்காமல் போனதுதான் வருத்தம் என்று எழுதினார். அடுத்த ஆண்டு எட்மாவுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை அதோல்ஃப் பொந்தியோன், கடற்படை அதிகாரி, மானேவுக்கும் பழைய நண்பர்தான். எட்மா கணவரோடு லொரியான் துறைமுக நகரத்துக்குப் போனார். அத்தோடு எட்மாவின் ஓவியம் ஏறக்குறைய நின்றுபோனது.

யாரும் தடுத்ததாகத் தெரியவில்லை. கொடுமைக்காரக் கணவர் என்று கதை கட்டவும் இடமில்லை. வீடு, ஊர், பிள்ளைப்பேறு என்று வாழ்க்கை வேறு பக்கம் திரும்பியது, அவ்வளவுதான். ஆனால் எட்மா தங்கைக்கு எழுதிய கடிதங்கள் இருக்கின்றன. மனதளவில் உன்கூடவேதான் இருக்கிறேன் பெர்த், உன் ஓவியக்கூடத்தில் உன் பின்னாலேயே சுற்றிவருகிறேன், நாம் இரண்டு பேரும் அத்தனை வருஷம் வாழ்ந்த அந்தக் காற்றைச் சுவாசிக்க ஒரு கால் மணி நேரமாவது இங்கிருந்து ஓடிவர முடிந்தால் போதும் என்று எழுதுகிறார். அந்தக் கால் மணி நேரத்தில்தான் எனக்கு மனசு நின்றுபோனது. திரும்ப வரவேண்டும் என்று கேட்கவில்லை. ஒரு முழு நாளைக்கூடக் கேட்கவில்லை.

பெர்த்தின் பதிலும் அதே அளவுக்கு மனதைப் பிசையும். நீ ஏங்குகிற இந்த ஓவிய வேலைதான் எத்தனையோ கவலைக்கும் தொல்லைக்கும் காரணம், உன்னை உயிராக நினைக்கிற ஒரு மனிதர் உனக்கு இருக்கிறார், உன் விதியை நொந்துகொள்ளாதே, தனியாக இருப்பது துயரமானது என்கிறார். அப்போது பெர்த்துக்கு 28 வயது, கல்யாணம் ஆகவில்லை, வீட்டில் அந்தப் பேச்சு ஓயாமல் இருந்த காலம். அக்காவுக்குத் தங்கையிடம் இருந்தது வேண்டியிருந்தது, தங்கைக்கு அக்காவிடம் இருந்ததில் கொஞ்சம் வேண்டியிருந்தது. இருவரும் அதை மறைக்காமல் எழுதிக்கொண்டார்கள்.

அந்தக் கோடையில் பெர்த் லொரியானுக்குப் போய் அக்காவை வரைந்தார். துறைமுகச் சுவரின் மேல் வெள்ளை உடையில், குடையோடு உட்கார்ந்திருக்கும் எட்மா, படத்தின் ஓரத்தில், சின்னதாக. மானே அதைப் பாராட்டினார், பெர்த் அதை அவருக்கே கொடுத்துவிட்டார். அதற்கு அடுத்த படத்தின் கதையைக் கொஞ்சம் நின்று சொல்லவேண்டும். முதல் பிரசவத்துக்காக எட்மா பாரிஸுக்குத் தாய்வீடு வந்திருந்தார். அம்மா கறுப்பு உடையில் புத்தகம் வாசிக்க, பக்கத்தில் வெள்ளை உடையில் எட்மா சாய்ந்து உட்கார்ந்திருப்பதை பெர்த் வரைந்தார். 1870 சலோனுக்கு அனுப்பவேண்டிய படம். சரியாக வந்திருக்கிறதா என்ற சந்தேகத்தில் மானேயின் கருத்தைக் கேட்டார். மானே வந்தார், நன்றாக இருக்கிறது, அந்தப் பாவாடையின் கீழ்ப்பகுதி மட்டும் சரியில்லை என்றார், தூரிகையைக் கையில் எடுத்தார். பாவாடையிலிருந்து மார்புக்கு, மார்பிலிருந்து தலைக்கு, தலையிலிருந்து பின்னணிக்கு என்று போய்க்கொண்டே இருந்தார், நடுவில் ஆயிரம் வேடிக்கைப் பேச்சு வேறு. சாயங்காலம் ஐந்து மணிக்கு அம்மாவின் உருவம் ஏறக்குறைய முழுக்க மானேயின் கைவேலையாகிவிட்டது. படத்தை ஏற்றிப்போக வண்டிக்காரர் காத்துக்கொண்டிருந்தார். படம் நிராகரிக்கப்படவேண்டும் என்பதுதான் இனி என் ஒரே ஆசை என்று பெர்த் அக்காவுக்கு எழுதினார். நிராகரிக்கப்படவில்லை, சலோனில் தொங்கியது. இன்றைக்கு வாஷிங்டன் தேசியக் கலைக்கூடத்தில் அதைப் பார்க்கலாம். அம்மாவின் கறுப்பில் மானேயின் அழுத்தமான தூரிகை தெரியும், எட்மாவின் வெள்ளையில் பெர்த்தின் மென்மையான கை தெரியும். மானே கெட்டவர் இல்லை, அவர் அந்தக் குடும்பத்தின் மேல் வைத்த அன்பு நிஜம். ஆனாலும் தன் தாயையும் அக்காவையும் தான் பார்த்தபடி வரைந்த ஒரு பெண்ணின் படத்தில், கேட்டது கருத்து மட்டும்தான் என்கிறபோது, இன்னொருவர் தன் பார்வையை ஏற்றிவிட்டுப் போனார். என்னால் இதைச் சிரித்துக் கடக்க முடியவில்லை. பெர்த்தாலும் முடியவில்லை. பார்த்துக்கொண்டிருந்த அம்மாவுக்கு அது வேடிக்கையாக இருந்தது, பெர்த்துக்கு வேதனையாக இருந்தது.

அதன் பிறகு பிரஷ்யப் போர், பாரிஸ் முற்றுகை, பட்டினி, குளிர். பெர்த் பெற்றோரோடு நகரத்திலேயே இருந்தார், உடம்பு கெட்டுப்போனது. எல்லாம் ஓய்ந்து, எட்மாவுக்கு இரண்டாவது பெண் பிறந்து, அந்தக் குழந்தையின் தொட்டிலருகே அக்காவை வரைய உட்காருகிறார். இந்தப் படத்தில் வேறு யாரும் கைவைக்கவில்லை.

இப்போது அந்த முகத்துக்கு வருவோம். கடிதங்களைப் படித்தவர்கள் பலர் அதில் இழப்பைப் பார்க்கிறார்கள்: ஓவியத்தை விட்ட பெண், வலைக்குப் பின்னால் சிக்கிய வாழ்க்கை, அந்த மாதிரி. அதுவும் எனக்கு ஒப்பவில்லை. தாய்மையின் பூரிப்பு என்று சொல்வது எப்படி அவசரமோ, இழப்பின் சோகம் என்று சொல்வதும் அப்படித்தான். எனக்குப் படுவது வேறு. எட்மா பார்க்கிற விதத்தைப் பாருங்கள். அசையாமல், அவசரமில்லாமல், தலையை ஒரு கையில் தாங்கிக்கொண்டு, எதிரில் இருப்பதன் மேல் கண்ணை வைத்துவிட்டு எடுக்காமல் பார்க்கிறார். பத்து வருஷத்துக்கு மேல் அப்படிப் பார்க்கப் பழகிய கண்கள் அவை. வலைத்துணிக்குப் பின்னால் ஒரு குழந்தையின் கன்னத்தில் வெளிச்சம் எப்படி விழுகிறது என்று எட்மாவுக்குத் தெரியாமல் இருக்காது. தூரிகையை விட்டாலும் அந்தப் பார்வை போய்விடுமா என்ன? பெர்த் வரைந்தது அந்தப் பார்வையைத்தான் என்று நம்புகிறேன். அதில் பாசமும் இருக்கிறது, அலுப்பும் இருக்கிறது, அந்தக் கால் மணி நேரமும் இருக்கலாம். எது எவ்வளவு என்று தங்கைக்கு நன்றாகத் தெரியும், அவர்கள்தான் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டவர்களாயிற்றே. தெரிந்தும் சொல்லவில்லை. அக்காவின் யோசனையை அக்காவிடமே விட்டுவிட்டார்.

இதே 1872இல் மானே பெர்த்தை வரைந்தார், கறுப்பு உடை, கறுப்புத் தொப்பி, மார்பில் ஊதாப்பூக் கொத்து. அதுவும் ஓர்சேயில்தான் இருக்கிறது. எனக்கு மிகவும் பிடித்த படம், அந்தக் கண்கள் நேராக நம்மைப் பார்க்கும். மானே வரைந்த பெண் நம்மோடு பேச வருகிறார், பெர்த் வரைந்த பெண்ணுக்கு நாம் அங்கே இருப்பதே தெரியாது. இரண்டுக்கும் இடையே உள்ள தூரத்தை நினைத்தால், அந்த ஒரு வருஷத்தில் பெர்த் எவ்வளவு தன் வழியில் போய்விட்டார் என்று புரியும்.

1874 ஏப்ரலில் புகைப்படக்காரர் நதாரின் பழைய ஸ்டூடியோவில் மோனே, ரெனுவார், தெகா, பிஸ்ஸாரோ என்று பின்னால் இம்ப்ரெஷனிஸ்ட்டுகள் எனப் பெயர் பெற்ற ஓவியர்கள் எல்லாரும் சேர்ந்து நடத்திய முதல் கண்காட்சியில் 'தொட்டில்' தொங்கியது. சலோனில் வைக்கும் வாய்ப்பு இருந்தும் அதை விட்டு, இந்தக் கூட்டத்தோடு பெர்த் போனார். அங்கே படம் வைத்த ஒரே பெண் அவர். பழைய ஆசிரியர் கிஷார் போய்ப் பார்த்துவிட்டு நெஞ்சு பதைத்து அம்மாவுக்கு எழுதினார்: உங்கள் மகள் வாரம் இரண்டு முறை லூவருக்குப் போய் பழைய இத்தாலிய மேதை கொரேஜியோவின் படத்தின் முன்னால் மூன்று மணி நேரம் நின்று மன்னிப்புக் கேட்கவேண்டும் என்று. பெர்த் கேட்கவில்லை. மகள் ழூலி பிறந்ததை ஒட்டி நடந்த 1879ஆம் ஆண்டுக் கண்காட்சியைத் தவிர, அந்தக் குழுவின் எட்டுக் கண்காட்சிகளில் ஏழில் அவர் பங்கெடுத்தார். இந்தக் கூட்டத்தில் உண்மையான இம்ப்ரெஷனிஸ்ட் ஒரே ஒருவர்தான், அது பெர்த் மொரிசோ என்று 1877இல் பால் மான்ட்ஸ் என்ற விமர்சகர் எழுதினார். கல்யாணமும் நடந்தது, 1874 டிசம்பரில், மானேயின் தம்பி யூஜேனோடு. அதற்குப் பிறகும் வரைந்துகொண்டே இருந்தார். எந்த ஆணும் ஒரு பெண்ணைச் சமமாக நடத்தியதாக எனக்குத் தெரியவில்லை, நான் கேட்டிருக்கக்கூடியது அது ஒன்றுதான், அவர்களுக்கு நான் குறைந்தவளில்லை என்று எனக்குத் தெரியும் என்று 1890 வாக்கில் தன் குறிப்பேட்டில் எழுதினார். 1895இல், 54 வயதில், காய்ச்சலில் கிடந்த மகளைக் கவனித்து, அதே நோய் தொற்றி நிமோனியாவில் இறந்துபோனார். இறப்புச் சான்றில் 'தொழில் எதுவும் இல்லை' என்று எழுதினார்கள். கல்லறையில் யூஜேன் மானேயின் விதவை என்று இருக்கிறது. நூற்றுக்கணக்கான படங்களை விட்டுப்போனவருக்கு இதுதான் எழுதத் தோன்றியது என்பது எப்போது நினைத்தாலும் ஆத்திரமாக வருகிறது.

'தொட்டில்' விற்கவில்லை. பெர்த் முயன்று பார்த்தார், வாங்க ஆள் வரவில்லை. படம் எட்மாவின் குடும்பத்திடமே போய்ச் சேர்ந்தது, வெளியுலகம் அதை ஏறக்குறைய மறந்தது. எட்மா 1921 வரை இருந்தார், தங்கை போய் இருபத்தாறு வருஷம். 1930இல் லூவர் அதை வாங்கியது, பிற்பாடு அது ஓர்சேக்கு வந்தது.

எட்மா வரைந்த படங்களில் மிச்சமிருப்பவை மிகச் சில. தூரிகையோடு நிற்கும் தங்கையின் படம் தனியார் வசம் இருக்கிறது, எப்போதாவது ஏதாவது கண்காட்சிக்கு வரும். அந்த இரண்டு படங்களையும் ஒரே சுவரில் நிரந்தரமாகத் தொங்கவிடவேண்டும் என்பது என் ஆசை. 1865இல் அக்கா பார்த்த தங்கை, 1872இல் தங்கை பார்த்த அக்கா. விளக்கப் பலகையில் இரண்டு பேருக்கும் நேரே 'ஓவியர்' என்று போடவேண்டும், எட்மாவைக் குழந்தையின் தாய் என்று மட்டும் அறிமுகப்படுத்தி நிறுத்தக்கூடாது.